சாயப் பட்டறையும் சர் ரொனால்ட் ராஸும்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். விடுதி, மெஸ், ஸ்டிரைக், பேராசிரியர்களின் பட்டப் பெயர்கள் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதப் போகிறார்களாம். நீ முப்பது வருஷம் ரத்தம் பார்த்துப் பிழைத்தவன், விலங்கியல்காரன், ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுது என்று உத்தரவு. விஞ்ஞானி என்றதும் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வருவார். அவரைப் பற்றி எழுதினால் என் தம்பியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். எழுதிவிட்டேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம்ம விலங்கியல் லேபில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் தொங்கும். மலேரியாக் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சி. பாதி மனிதனுக்குள், பாதி கொசுவுக்குள். ரெக்கார்டு நோட்டில் அதை வரையாதவர் நம் செட்டில் யாரும் இருக்க முடியாது. அதன் அடியில் ராஸ், 1897 என்று சின்னதாக எழுதியிருக்கும். ரெண்டு மார்க் கேள்வி. அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்த ராஸ்.

இந்த ராஸ் ஒரு வகையில் நம்ம ஊர்க்காரர் என்று சொல்லலாம். 1857 மே 13-ம் தேதி இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் பெரிய அதிகாரி, பத்துப் பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். எட்டு வயசில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பையனுக்குக் கவிதை, சங்கீதம், ஓவியம், கணக்கு என்று எல்லாவற்றிலும் ஆசை. வைத்தியத்தில் மட்டும் கிடையாது. அப்பா விடவில்லை. லண்டன் செயின்ட் பார்த்தலோமியோ ஆஸ்பத்திரிக் கல்லூரியில் 1874-ல் சேர்த்துவிட்டார். படித்ததைவிடப் பாட்டுப் போட்டதுதான் அதிகம். ஒரு பரீட்சையில் தேறி, இன்னொன்றில் கோட்டை விட்டு, கொஞ்ச காலம் கப்பல் டாக்டராக அட்லாண்டிக்கில் போய்வந்து, 1881-ல் ஒருவழியாகத் தேறி இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அரியர்ஸ் வைத்திருந்த நண்பர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

அவருக்குக் கிடைத்தது மதராஸ் ராஜதானி. நம் ஆரணி அன்று இருந்த வட ஆற்காடு ஜில்லாவும் அதில் அடக்கம். சம்பளம் அதிகமான வங்காளத்துக்குப் போகும் அளவுக்கு அவர் ராங்க் வாங்கவில்லை. மதராஸ், பெங்களூர், பர்மா, அந்தமான் என்று சுற்றினார். வேலை குறைவு, நேரம் நிறைய. கவிதை எழுதினார், 1889-ல் ஒரு நாவல்கூட வெளியிட்டார். 1883-ல் பெங்களூரில் தங்கியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. வெளியே இருந்த ஒரு தொட்டித் தண்ணீரில் புழு நெளிவதைப் பார்த்தார், தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மலேரியாவையும் கொசுவையும் முடிச்சுப் போட அப்போது அவருக்குத் தோன்றவில்லை. அதற்கு இன்னும் பதினாலு வருஷம் ஆக வேண்டியிருந்தது.

இந்தத் தொட்டி சமாசாரத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் ஞாபகம் வந்தது. எங்கள் அப்பா ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பின்கட்டு முழுக்கத் தொட்டிகள். நூலை அவித்துப் பசை எடுத்த பிறகு அலச ஒரு தொட்டி, சாயம் ஏறிய பிறகு அலச ரெண்டு தொட்டி. கல்யாண சீசன் முடிந்து வேலை மந்தமானால் தொட்டியில் தண்ணீர் வாரக் கணக்கில் அப்படியே கிடக்கும். சாயங்காலம் ஆனால் கொய்ங் என்று ஒரே பாட்டு.

எங்கள் தெருவுக்கு மலேரியாக்காரர்கள் என்று பெயர் வைத்த ஒரு கூட்டம் வரும். டிடிடி பம்பு, தோளில் பை. அடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். தறி வீட்டுக்காரர்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. பாவு பூட்டியிருக்கும் பட்டின் மேல் அந்த வெள்ளைப் பொடி விழுந்தால் கறை போகாது என்று பயம். நம்ம வீட்டுப் பெண்கள் ஓடி வந்து பழைய போர்வையால் தறியை மூடுவார்கள், இல்லாவிட்டால் தறி வீட்டுக் கதவையே சாத்திவிடுவார்கள். குழித்தறியின் குழி இருட்டாக, ஈரமாக இருக்கும். கொசு ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் வேறு உண்டா? அதை மட்டும் விட்டுவிட்டு வீடு முழுக்க மருந்தடித்தோம். இத்தனைக்கும் அந்த மருந்து பெரிய வேலை செய்தது. 1953-ல் நாட்டில் வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் பேர் சாவு என்று கணக்கு. 1965-ல் நோயாளிகள் சுமார் 1 லட்சமாகக் குறைந்தார்கள். அப்புறம் அசந்துவிட்டோம். 1976-ல் 64 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ராஸுக்கு வருவோம். 1880-ல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைப் பார்த்துவிட்டார். இங்கே ராஸ் தன் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. அகப்படாததால் அப்படி ஒரு கிருமியே கிடையாது, மலேரியா குடல் கோளாறால் வருவது என்று முடிவுகட்டி, லாவெரானுக்கு எதிராகக் கட்டுரையும் எழுதினார். 1894-ல் லீவில் லண்டன் போனபோது பாட்ரிக் மான்சன் என்ற டாக்டர் அவரை உட்கார வைத்து, லென்ஸில் காட்டினார். இதுதான் பார் என்று காட்டிய பிறகு ராஸுக்கும் தெரிந்தது. கிருமி அதுவரைக்கும் அவருடைய ஸ்லைடுகளிலும் இருந்திருக்கும். அவருக்குத்தான் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். காரணம் சொல்கிறேன்.

டிகிரி முடித்து லேப் டெக்னீஷியன் படிப்பும் முடித்து நான் ஒரு சின்ன தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். 1996-ல் என் தம்பி ஒரிசாப் பக்கம் புடவை மூட்டையோடு வியாபாரத்துக்குப் போய் வந்தான். வந்த பத்தாம் நாள் குளிர் ஜுரம். தானாகவே மருந்துக் கடையில் குளோரோகுயின் வாங்கி ரெண்டு நாள் போட்டிருக்கிறான், ஜுரம் குறைந்ததும் நிறுத்திவிட்டான். திரும்ப ஜுரம் வந்ததும் என்னிடம் வந்தான். நானே விரலில் குத்தி ரத்தம் எடுத்து, நானே சாயம் போட்டு, நானே பார்த்தேன். சாயங்காலம், வெளியே எட்டுப் பேர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள், கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. தடிப்புப் பூச்சில் குறைந்தது நூறு புலமாவது பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று எழுத வேண்டும் என்பது பாடம். நான் முப்பது, நாற்பது பார்த்திருப்பேன். மலேரியாக் கிருமி இல்லை என்று சீட்டு எழுதி என் கையெழுத்தையும் போட்டேன். டைபாய்டு பரிசோதனை கொஞ்சம் தூக்கலாகக் காட்டியது, அதற்கு மருந்து ஆரம்பித்தார்கள். ஆறாம் நாள் அவனுக்கு நினைவு தப்பியது. காரில் படுக்க வைத்து வேலூருக்குக் கொண்டு போனோம். அங்கே மூன்று தடவை ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மூன்றாவதில் ஃபால்சிபாரம். மூளையைத் தாக்கியிருந்தது.

பதினோரு நாள். அப்பா அந்தப் பதினோரு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

தம்பி பிழைத்துவிட்டான். இன்றைக்கும் தறி வைத்திருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். ஆனால் நான் அந்த ஸ்லைடைத் தூக்கிப் போடவில்லை.

இப்போது 1895. ராஸ் தன் மைக்ரோஸ்கோப்போடு செகந்திராபாத் வந்து சேர்ந்தார். கொசுதான் மலேரியாவுக்குச் சம்பந்தம் என்று மான்சன் ஊகம் சொல்லி அனுப்பியிருந்தார். எந்தக் கொசு, கிருமி அதற்குள் எங்கே இருக்கும், எப்படி இருக்கும், ஒன்றும் தெரியாது. அவர் கையில் கிடைத்ததெல்லாம் க்யூலெக்ஸ், ஏடிஸ் வகைகள். மனித மலேரியாக் கிருமி வளராத கொசுக்கள். ஆயிரக்கணக்கில் அறுத்துப் பார்த்தார். நடுவில் பெங்களூரில் காலரா என்று அங்கே மாற்றிவிட்டார்கள். 1897 ஏப்ரலில் லீவு கிடைத்து ஊட்டிக்கு வந்தார். மலேரியாவுக்குப் பேர்போன சீகூர் கணவாய்க்கு இறங்கிப் போனார். கொசுவலைக்குள் படுத்தும், ஜன்னலைச் சாத்தியும், மூன்றே நாளில் அவருக்கே மலேரியா வந்துவிட்டது. ஆனால் அந்தப் பயணத்தில்தான் சுவரில் ஒரு புதுத் தினுசுக் கொசுவைக் கவனித்தார். மற்றக் கொசு மாதிரி கூன் போட்டு உட்காராமல் வாலைத் தூக்கிக்கொண்டு, இறக்கையில் புள்ளி புள்ளியாக. நாம் லேபில் பார்த்த அனாபிலிஸ்தான்.

ஆகஸ்ட் மாசத்து செகந்திராபாத் வெயிலைச் சொல்ல வேண்டாம். நெற்றி வியர்வையும் கை வியர்வையும் பட்டு மைக்ரோஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன. மிச்சமிருந்த ஒரே கண் லென்ஸிலும் விரிசல். பங்கா இழுக்கச் சொன்னால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும், அதனால் பங்காவும் கிடையாது. புழுவிலிருந்து வளர்த்த அந்தப் புள்ளி இறக்கைக் கொசுக்களை ஆகஸ்ட் 16-ம் தேதி உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்க விட்டார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ஜுரத்தோடு படுத்திருக்கும் மனுஷன் வலைக்குள் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கி அணா வாங்கினார் என்பதை நம் சார்ட்டில் யாரும் எழுதவில்லை. ஆகஸ்ட் 20-ம் தேதி மிச்சமிருந்த கொசுக்களில் ஒன்றை அறுத்தார். வயிற்றுச் சுவரில் வட்டமான சில அறைகள், அவற்றுக்குள் கரும்பொடி மாதிரி சில மணிகள். அந்தக் கருப்பு நிறத்தை அவருக்குத் தெரியும். மனித ரத்தத்தில் மலேரியாக் கிருமிக்குள் இருக்கும் அதே கருப்பு. மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார், அறைகள் பெரிசாக வளர்ந்திருந்தன. உயிரோடு வளர்கிறது என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு கவிதை எழுதினார், கட்டுரையும் எழுதினார். ஆகஸ்ட் 20-ஐத்தான் இன்றைக்கும் உலகக் கொசு நாளாகச் சொல்கிறார்கள்.

அடுத்த மாசமே மாற்றல் உத்தரவு. போய்ச் சேர்ந்த இடம் ராஜபுதனத்தில் கேர்வாரா. அங்கே மலேரியாவே அபூர்வம். சர்க்கார் உத்தியோகம் பார்த்த நம் நண்பர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மான்சன் லண்டனிலிருந்து முட்டி மோதி 1898 பிப்ரவரியில் அவரைக் கல்கத்தாவுக்கு மாற்ற வைத்தார். அங்கே முகமது பக்ஸ் என்ற உதவியாளரை வைத்துக்கொண்டு, பறவை மலேரியாவைப் பிடித்தார். ஜூலையில் கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்து சேர்வதையும், அந்தக் கொசு கடித்து நல்ல குருவிக்கு மலேரியா வருவதையும் காட்டினார். வட்டம் பூர்த்தியாயிற்று. அதே வருஷம் இத்தாலியில் கிராஸி கோஷ்டி, மனிதனுக்கு மலேரியா கொண்டு வருவது அனாபிலிஸ் கொசுதான் என்று நிரூபித்தது.

அப்புறம் ராஸ் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டார். கிராஸியோடு சண்டை, உதவி செய்த மான்சனோடும் ஒரு கட்டத்தில் சண்டை. 1899-ல் ராஜினாமா பண்ணி லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குப் போனார். 1902-ல் நோபல் பரிசு அவருக்கு மட்டும் கிடைத்தது. கிராஸிக்கு இல்லை. லாவெரானுக்கு 1907-ல். கணக்கில் இருந்த பழைய ஆசை வீண் போகவில்லை: எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஒரு அளவுக்குக் கீழே குறைத்தால் மலேரியா தானாக மடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். என்னைக் கேட்டால் நோபலைவிட இதுதான் பெரிய வேலை. 1911-ல் சர் பட்டம். ஆனாலும் தனக்குத் தகுந்த வெகுமானம் சர்க்கார் தரவில்லை என்ற குறை போகவே இல்லை. 1928-ல் தன் கடிதங்கள், நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் விலைக்கு விளம்பரம் செய்தார். ஒரு சீமாட்டி 2,000 பவுனுக்கு வாங்கினார். 1931-ல் மனைவி போனார், 1932 செப்டம்பர் 16-ம் தேதி ராஸும் போனார். நல்ல மனுஷனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விடாக்கண்டன், அவ்வளவுதான்.

சாயப் பட்டறை என்று தலைப்பில் போட்டேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ராஸ் பெரும்பாலும் சாயம் போடாத பச்சை ரத்தத்தைத்தான் பார்த்தார். நாங்கள் பார்ப்பது சாயம் போட்டது. ரத்தப் பூச்சுக்குப் போடும் சாயத்தில் முக்கியமானவை ரெண்டு: மெதிலீன் நீலம், இயோசின் சிவப்பு. ரெண்டும் 1870-களில் ஜெர்மனியில் துணிக்குப் போடுவதற்காகத் தயாரானவை. இயோசின் பட்டுக்கே போட்டிருக்கிறார்கள். 1891-ல் ரோமனோவ்ஸ்கி என்ற ரஷ்யர் இந்த ரெண்டையும் கலந்து மலேரியாக் கிருமிக்கு நீல உடம்பும் சிவப்புப் புள்ளியுமாகக் காட்டினார். அதன் வாரிசுகள்தான் லீஷ்மன், ஜீம்சா, நம் நாட்டு மலேரியாத் திட்டத்தில் பயன்பட்ட ஜேஎஸ்பி சாயம் எல்லாம். அப்பா சாயம் போட்ட நூலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து முடிவு சொல்லவே மாட்டார். பொழுது விடியட்டும் என்பார். நான் அன்றைக்குக் கரண்ட் போகிற வெளிச்சத்தில் முடிவு சொன்னேன்.

சரி, பொறுமையாக நூறு புலம் பார்த்திருந்தால் கண்டிப்பாகக் கிடைத்திருக்குமா? இதைத்தான் வருஷக் கணக்கில் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஐம்பது கிருமிக்குக் கீழே இருந்தால் சாதாரணமாக எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். பெரிய ஆள் உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம். கணக்குப் போட்டால், 25 கோடிக் கிருமி உடம்பில் ஓடும்போதும் ஸ்லைடில் ஒன்றுமில்லை என்று சீட்டு போகலாம். அரைகுறையாக மாத்திரை போட்டவனுக்கு எண்ணிக்கை இன்னும் கீழே போகும். ஃபால்சிபாரத்துக்கு இன்னொரு துஷ்டத்தனம்: முதிர்ந்த கிருமிகள் மூளை போன்ற உள் உறுப்புகளின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும், விரல் நுனி ரத்தத்துக்கு வராது.

2000-க்குப் பிறகு ஒரு பயிற்சிக்குப் போனபோது பிசிஆர் என்பதை முதன்முதலில் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கு கொரோனா புண்ணியத்தில் அந்தப் பெயர் தெரியாத பாட்டி கிடையாது. மலேரியாவுக்கு அதை நாலு கிருமி வகைக்கும் சேர்த்து ஒழுங்குபடுத்திக் காட்டியது 1993-ல். சுருக்கம் இதுதான். கிருமியைத் தேட வேண்டாம், கிருமியின் டிஎன்ஏவில் அதற்கே உரிய ஒரு துண்டைத் தேடு. நம்ம ஜக்கார்டு அட்டை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எந்த டிசைனுக்கு அட்டை குத்தியிருக்கிறதோ அந்த டிசைன்தான் தறியில் விழும். அதேபோல அந்தத் துண்டின் இரண்டு ஓரங்களுக்குப் பொருந்துகிற சின்னத் தொடக்க இழைகளைச் செய்து போடுகிறார்கள். பொருந்தினால் பிடித்துக்கொள்ளும், பொருந்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. சூடு, ஆறல், மறுபடி சூடு. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் துண்டு இரண்டு மடங்கு. முப்பது சுற்று ஓடினால் ஒன்று நூறு கோடிக்கு மேல். ஒரு மைக்ரோ லிட்டரில் ஒன்று ரெண்டு கிருமி இருந்தாலே காட்டிக்கொடுத்துவிடும். விவாக்ஸும் ஃபால்சிபாரமும் கலந்திருந்தால் தனித்தனியாகச் சொல்லிவிடும். ராஸ் கொசுவை அறுத்துத் தேடிய அதே கிருமியை இன்றைக்குக் கொசுவை அரைத்து இதே முறையில் தேடுகிறார்கள்.

குறையும் உண்டு. மெஷின் வேண்டும், பழகின ஆள் வேண்டும், மணிக்கணக்கு ஆகும். நினைவு தப்புகிறவனுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. மருந்தில் கிருமி செத்த பிறகும் அதன் டிஎன்ஏ கொஞ்ச நாள் ரத்தத்தில் கிடந்து பாசிடிவ் காட்டும். அவசரத்துக்குக் கால் மணி, இருபது நிமிஷத்தில் கோடு காட்டும் அட்டைப் பரிசோதனை வந்திருக்கிறது. அதுவும் முழு நம்பிக்கை இல்லை. அந்த அட்டை தேடும் புரதத்தின் ஜீன் இல்லாத ஃபால்சிபாரம் இருப்பதை 2010-ல் பெரு நாட்டில் கண்டுபிடித்தார்கள், பிறகு மற்ற நாடுகளிலும். கிருமி தன் அடையாள அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டது. அப்போது பிசிஆர்தான் அதைப் பிடித்தது. ஒரே சூட்டில், அறுபது அறுபத்தைந்து டிகிரியில், ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற லாம்ப் என்ற முறையும் உண்டு. இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கிவிட்டது. நாம் 2030 என்று குறி வைத்திருக்கிறோம். ஜுரமே இல்லாமல் கிருமியைச் சுமந்து திரிகிறவர்களை ஸ்லைடில் கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கேதான் இந்தப் பரிசோதனைகளுக்கு வேலை.

பயிற்சி முடிந்து வந்த அன்று ராத்திரி அந்தப் பழைய ஸ்லைடை எடுத்தேன். எண்ணெய் விட்டு மெதுவாக நகர்த்தினேன். நூறு புலம், ஒன்றுமில்லை. இருநூறு, ஒன்றுமில்லை. பொழுது விடிகிற நேரம், முன்னூற்று நாற்பதுக்கு மேல் ஒரு சின்ன மோதிரம். சாயம் மங்கியிருந்தது, ஆனால் அதுதான். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நூறு பார்த்திருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கிடைத்திருக்காது. தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவன் தறியில் உட்கார்ந்திருந்தான். கேட்டுவிட்டு, அண்ணே, காபி சாப்பிட்டியா என்றான்.

அதற்குப் பிறகு என் சீட்டில் கிருமி இல்லை என்று எழுதியது கிடையாது. பார்த்த இத்தனை புலத்தில் காணப்படவில்லை என்று எண்ணிக்கையோடு எழுதுவேன். டாக்டர்கள் சிரிப்பார்கள்.

சந்திப்பு நாளன்று அந்த ஸ்லைடையும் கொண்டு வருகிறேன். விலங்கியல் லேபில் ஒரு நல்ல மைக்ரோஸ்கோப் கொடுத்து உதவ முடியுமா என்று மலர்க் குழுவினர் கேட்டுச் சொல்ல வேண்டும். மோதிரம் இருக்கும் இடத்தில் பேனாவால் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன்.